போன வருடத்து எண் எங்கே?

வன்னியில் முதியவர்களுக்கு வருடாந்த உடற்பரிசோதனை நடத்தும் வைத்திய அதிகாரிகளுக்கும், தாதியருக்கும், அதைத் திட்டமிடும் சுகாதார நிர்வாகத்தினருக்கும்,

வணக்கம்.

நான் 72 வயதான இளைப்பாறிய கணித ஆசிரியன். ஏ-9 வீதிக்குக் கிழக்கே, நாளுக்கு மூன்று தடவை மட்டும் பஸ் எட்டிப் பார்க்கிற ஒரு கிராமத்தில் இருக்கிறேன். ஊர் முதியோர் சங்கத்தின் செயலாளர் பொறுப்பு ஐந்து வருடமாக என் தலையில் இருக்கிறது. கூட்டக் குறிப்பு எழுதுவது, மரண உதவிப் பணம் சேர்ப்பது, இவ்வளவுதான் வேலை என்று நினைத்துப் பொறுப்பெடுத்தேன். வந்து சேர்ந்த வேலை வேறு. "மாஸ்டர், இதில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருக்கால் பாருங்கள்" என்று ஆளுக்கொரு கிளினிக் கொப்பியோடு வந்து விறாந்தையில் உட்கார்ந்துவிடுகிறார்கள். முப்பத்து நான்கு வருடம் பிள்ளைகளின் கொப்பி பார்த்தேன். இப்போது அந்தப் பிள்ளைகளின் தாய் தகப்பனின் கொப்பி பார்க்கிறேன். பிள்ளைகளின் கையெழுத்து இதைவிடப் பரவாயில்லை.

இந்த மடலில் எந்த ஆஸ்பத்திரியின் பெயரும் இராது. பெயர் எழுதினால் அங்கே ஒரு விசாரணை நடக்கும், யாரோ ஒரு தாதியிடம் விளக்கம் கேட்பார்கள், அத்தோடு கோப்பை மூடிவிடுவார்கள். நான் சொல்லவருவது ஒரு தாதியின் பிழையை அல்ல. நான் போன அன்று அவருக்கு முன்னால் நூறு பேருக்கு மேல் வரிசையில் நின்றோம். அவருக்கும் காலைச் சாப்பாடு இறங்கியிருக்காது.

அன்று நடந்ததை முதலில் சொல்கிறேன். "வெறும் வயிற்றோடு வாருங்கள்" என்று அறிவித்திருந்தார்கள். இரவு எட்டு மணிக்குப் புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர்கள், ஏழு பேர், காலை ஐந்தரை பஸ்ஸைப் பிடித்தோம். ஏழு மணிக்குள் நம்பர் துண்டு கையில். இரத்தம் எடுப்பவர் ஒன்பதே காலுக்கு வந்தார். என் முறை வந்தபோது பத்தரை. கணக்குப் பாருங்கள்: பதினான்கரை மணித்தியாலம். வெறும் வயிற்றுச் சீனி பார்க்க எட்டு மணித்தியாலம் போதும்.

எனக்குச் சலரோகம் இல்லை, தாங்கிக்கொண்டேன். எனக்குப் பக்கத்து வாங்கில் இருந்த ஆச்சி பல வருடமாகச் சலரோகக் குளிசை எடுப்பவர். விடியவே குளிசையைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். "மருந்தை ஒருநாளும் விடக்கூடாது என்றுதானே தம்பி சொல்கிறார்கள்" என்றார். (அவருக்கு நான் இன்னும் தம்பிதான்.) சாப்பிடாதீர்கள் என்று சொன்னவர்கள், சாப்பிடும்வரை சீனிக் குளிசையைத் தொடாதீர்கள் என்று சொல்லவில்லை. பத்து மணியளவில் அவருடைய நெற்றியில் வியர்வை முத்து முத்தாகக் கோத்தது. மடியில் இருந்த நம்பர் துண்டு கையோடு சேர்ந்து நடுங்கியது. வெயில் என்றார்கள் சிலர். ஒரு மனிசி மட்டும், தன் மாமியாரைப் பார்த்துப் பழகிய அனுபவம், பையைத் துழாவி ஒரு டொபியை எடுத்து ஆச்சியின் வாயில் வைத்தார். கால் மணித்தியாலத்தில் ஆள் தெளிந்தார். பிறகு உள்ளே கூப்பிட்டார்கள், போனார், இரத்தம் எடுத்தார்கள். அந்த டொபியின் சீனியும் சேர்ந்து "வெறும் வயிற்றுச் சீனி" என்று அவருடைய கொப்பியில் ஏறியது.

இதற்குப் பெரிய செலவு ஒன்றும் வேண்டாம். சலரோகக்காரரை முதலில் கூப்பிட்டால் போதும். வசதியுள்ள இடங்களில் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனை இருக்கிறது. அதற்குப் பட்டினி கிடக்கத் தேவையே இல்லை.

அடுத்தது பிரஷர். நின்றபடி கையை நீட்டச் சொன்னார்கள். சட்டைக் கைக்கு மேலேயே பட்டியைச் சுற்றினார்கள். பட்டி இறுகும்போது, அன்பாகத்தான், "மகன் கனடாவில் என்ன வேலை செய்கிறார்?" என்று கேட்டார்கள். நானும் பதில் சொன்னேன். நீங்கள் படித்த பாடத்தை உங்களுக்கே படிப்பிக்க வருகிறானே என்று நினைக்கக் கூடாது. ஐந்து நிமிடம் அமைதியாக இருக்க வேண்டும், முதுகு சாய வேண்டும், பாதம் நிலத்தில் படிய வேண்டும், கை நெஞ்சு மட்டத்தில் இருக்க வேண்டும், பேசக் கூடாது, சலப்பை நிறைந்திருக்கக் கூடாது. கழிப்பறைக்குப் போனால் நம்பர் தவறிவிடும் என்று இரண்டு மணித்தியாலமாக அடக்கிக்கொண்டிருந்த கூட்டம் நாங்கள். எங்கள் பிரஷர் கூடாமல் வேறு யாருடையது கூடும்?

கணித வாத்தியாருக்குக் கண்ணில் பட்ட இன்னொன்று. சங்கத்துக்காரரின் கொப்பிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் 130/80, 140/90, 120/80, 150/90 என்றே போகிறது. 134 இல்லை, 146 இல்லை, 78 இல்லை. பாதரச மானியில் இரண்டிரண்டாகக் கோடு போட்டிருக்கும். ஒழுங்காக வாசித்தால் ஐந்தில் ஒரு வாசிப்புத்தான் சுழியத்தில் முடியலாம். எங்கள் ஊரில் எல்லாமே சுழியத்தில் முடிகின்றன. இது வன்னிக்கு மட்டும் உரிய நோய் அல்ல, உலகம் முழுக்க வைத்தியசாலைகளில் உள்ள பழைய பழக்கம் என்று பிறகு வாசித்து அறிந்தேன். ஆனால் 140 என்பது குளிசை தொடங்குவதா விடுவதா என்று நீங்கள் தீர்மானிக்கிற கோடு. 136 ஐ 140 ஆக்கினால் ஒரு கிழவன் ஆயுள் முழுக்கக் குளிசை விழுங்க நேரிடலாம். 148 ஐ 140 ஆக்கினால் கூட்ட வேண்டிய மருந்தைக் கூட்டாமல் விட நேரிடலாம்.

குளிசை கூடினால் என்ன என்றும் பார்த்துவிட்டோம். சங்கத்தில் ஒருவருக்கு இப்படி அவசரத்தில் எடுத்த ஒரு வாசிப்பை வைத்து மருந்தைக் கூட்டினார்கள். பத்து நாள் கழித்து நடுச்சாமத்தில் எழும்பி முற்றத்துக் கழிப்பறைக்குப் போகையில் தலை சுற்றி விழுந்தார். இடுப்பு எலும்பு. இன்று வரை கட்டிலோடு. மருந்தால்தான் விழுந்தார் என்று சத்தியம் செய்ய மாட்டேன். முதியவர்களுக்கு இருந்தபடி ஒருமுறை, எழுந்து நின்று மூன்று நிமிடத்துக்குள் இன்னொருமுறை பிரஷர் எடுத்து, மேல் எண் 20 அல்லது அதற்கு மேல் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும் என்று ஒரு முறை இருக்கிறது. நான் பார்த்த கொப்பிகளில் ஒன்றிலாவது "நின்றபடி" என்ற சொல் இல்லை.

இனி முடிவுக்கு வருகிறேன். பரிசோதனையின் முடிவைச் சொல்கிறேன்.

"கூப்பிடாவிட்டால் எல்லாம் சரி என்று எடுத்துக்கொள்ளுங்கள்." இதுதான் எங்களுக்குக் கிடைத்த பதில். கூப்பிடுவது எந்த எண்ணுக்கு? எங்களில் பாதிப் பேருக்குச் சொந்தமாகக் கைத்தொலைபேசி இல்லை. இருப்பவர்களுக்கும் தெரியாத எண் வந்தால் எடுக்கப் பயம். ஓர் அம்மா கொடுத்திருந்தது மகளின் எண். மகள் மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போய் இரண்டு வருடம். அந்த எண் இப்போது யாருடைய சட்டைப்பையில் ஒலிக்கிறதோ.

அந்த அம்மா பொறுமைசாலி. மூன்றாவது தடவையும் பஸ் ஏறிப் போய்த் துண்டைக் கையோடு வாங்கிக்கொண்டு நேரே என் வீட்டுக்கு வந்தார். முகம் வெளிறியிருந்தது. "மாஸ்டர், போன வருடம் ஒன்று தசம் ஒன்று. இந்த வருடம் தொண்ணூற்றேழு. எனக்கு இனி எவ்வளவு நாள்?" இரண்டு துண்டையும் வாங்கிப் பார்த்தேன். கிரியற்றினீன், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் இரத்த எண். முதல் துண்டு ஒரு தனியார் ஆய்வுகூடத்தினுடையது, மில்லிகிராமில். இரண்டாவது மைக்ரோமோலில். மில்லிகிராம் எண்ணை 88.4 ஆல் பெருக்கினால் மைக்ரோமோல் வரும். 1.1 ஐப் பெருக்கினால் 97. அதாவது ஒரு மாற்றமும் இல்லை. அம்மாவுக்கு இதைச் சொல்லி முடித்து, ஒரு வெறுந்தேநீரும் குடிக்க வைத்த பிறகுதான் முகத்தில் இரத்தம் வந்தது. எட்டாம் வகுப்பு விகிதசமக் கணக்கு. சொல்ல ஓர் ஆள் இல்லாததால் நான்கு இரவு நித்திரை கொள்ளாமல் இருந்திருக்கிறார்.

இது சிரித்துவிட்டுப் போகக்கூடிய கதை. அடுத்தது அப்படியல்ல.

என் கூட்டாளி ஒருவர் வவுனியா வடக்குப் பக்கம். ஒன்றாகப் படித்தோம். நான் வாத்தியாரானேன், அவர் வயலோடு நின்றுவிட்டார். நெஞ்சளவு தண்ணீரில் நின்று வாய்க்கால் அடைப்பெடுத்த உடம்பு. 2020 இல் ஒரு முகாமில் இரத்தம் எடுத்தார்கள், கிரியற்றினீன் 0.9. 2021 இல் வேறோர் இடத்தில் 97, மைக்ரோமோலில், அதாவது 1.1. 2023 இல் மூன்றாவது இடத்தில் 1.3. ஒவ்வொரு துண்டிலும் ஒரே பதில்: "நோர்மல்". துண்டின் ஓரத்தில் அச்சடித்திருந்த எல்லைக்குள் மூன்றும் இருந்தன, ஆகவே யாரும் பொய் சொல்லவில்லை. ஆனால் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர் யாரும் இல்லை. ஒவ்வொரு வருடமும் ஒரு புதிய கொப்பி, ஒரு புதிய ஆள், ஒரு புதிய "நோர்மல்". இடைக்காலத்தில் அவர் முழங்கால் நோவுக்குக் கடையில் வாங்கிய குளிசைகளை விழுங்கிக்கொண்டிருந்தார். அந்தக் குளிசைகளே சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும் என்று அவருக்குச் சொல்ல ஒரு காரணம், 1.3 என்ற அந்த எண், கைவசம் இருந்தது. 2024 இல் கால் வீங்கிப் போனபோது 2.4.

அவருடைய வயதையும் சேர்த்து, சிறுநீரகம் வடிகட்டும் வேகத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 0.9 இலிருந்து 1.3 க்கு வந்த இடத்திலேயே ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. "நோர்மல்" என்ற சொல்லுக்குள் ஒளிந்துகொண்டே போயிருக்கிறது.

காரணம் உறுதியாகத் தெரியாத அந்தச் சிறுநீரக நோய் 1990 களில் வடமத்திய மாகாணத்தில் கண்டுபிடிக்கப்பட்டதும், வவுனியாவும் அதற்குத் தப்பவில்லை என்பதும் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். தண்ணீரின் வன்தன்மையா, புளோரைட்டா, வயலில் அடிக்கும் மருந்தா, வெயிலில் தண்ணீர் குடிக்காமல் வேலை செய்வதா என்று ஆராய்ச்சியாளர் இன்னும் வாதிடுகிறார்கள். அது முடியட்டும். தொடக்கத்தில் ஓர் அறிகுறியும் காட்டாத நோய் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. அப்படியானால் வன்னியில் ஒரு விவசாயியின் வருடாந்தப் பரிசோதனையில் கிரியற்றினீனும், சலத்தில் அல்புமின் என்ற புரதம் கசிகிறதா என்று பார்ப்பதும் கட்டாயம் இருக்க வேண்டும். இருந்தால் மட்டும் போதாது. போன வருடத்து எண்ணுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும்.

எனக்கு உங்களிடம் கேட்க இருப்பது அடிப்படையில் இந்த ஒன்றுதான். "வருடாந்தம்" என்று பெயர் வைத்திருக்கிறீர்கள். ஒரு வருடத்தை அடுத்த வருடத்தோடு ஒப்பிடாவிட்டால் அது வருடாந்தப் பரிசோதனை ஆகாது. ஒவ்வொரு வருடமும் நடக்கிற முதலாவது பரிசோதனை, அவ்வளவுதான்.

ஒப்பிடுவதற்கு இயந்திரம் வேண்டாம். உங்களிடம் ஏற்கெனவே ஓர் அட்டை இருக்கிறது. குடும்பநல உத்தியோகத்தர் குழந்தையை நிறுத்துப் புள்ளி வைப்பாரே, அந்த அட்டை. என் மகள் தன் பிள்ளையின் அட்டையை அலுமாரியில் காணி உறுதிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாள். பள்ளிக்கூடப் பக்கம் மழைக்கும் ஒதுங்காத தாய்கூட அந்தக் கோடு மேலே போகிறதா, படுக்கிறதா என்று சொல்லிவிடுவாள். "இந்த மாதம் கோடு படுத்துவிட்டது, மிஸ் ஏசினவர்" என்று சொல்லிச் சொல்லியே பிள்ளைக்கு முட்டை ஊட்டுவாள். ஐந்து வயதுக்குள் ஒருவருக்குக் கிடைக்கிற அந்த மரியாதை, எழுபதில் ஏன் கிடைக்கக் கூடாது? நிறை, பிரஷர், சீனி, கிரியற்றினீன் என்று நாலு கோடு. கிழவர்களுக்கு நிறை கூடுவதைவிடச் சத்தமில்லாமல் குறைவதுதான் பயம். அதைக் கோடு காட்டிக் கொடுத்துவிடும். கடைசி வரியில் "இந்த வருடம் இவருக்குச் சொன்னது என்ன" என்று ஒரு வசனம், தமிழில், வாசிக்கக்கூடிய எழுத்தில்.

இது நடக்காது என்று சொல்வீர்களானால், வன்னியில் ஒருமுறை நடந்ததை நினைவுபடுத்துகிறேன். மலேரியாக் காலம். எங்கள் தலைமுறையில் மலேரியா வராதவர் இந்தப் பக்கத்தில் யாரும் இல்லை. குளத்தோரக் குடியேற்றங்களில் வீட்டுக்கு வீடு போர்வைக்குள் நடுங்கிக்கொண்டு கிடப்போம். காய்ச்சல் என்று போனால் விரல் நுனியில் குத்தி, கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு எடுத்து, பெயரும் ஊரும் எழுதுவார்கள். பதில் வரும். மலேரியா இருக்கிறது என்றால் குளிசையோடு ஓர் ஆள் சைக்கிளில் வருவார், கண்ணுக்கு முன்னால் விழுங்கச் சொல்வார். பொருளாதாரத் தடையில் பனடோலுக்கே தவம் கிடந்த வருடங்களிலும் அந்தச் சைக்கிள் ஓடியது. 2012 ஒக்டோபருக்குப் பிறகு, சான்றிதழ் வரும்வரை, இந்த நாட்டில் உள்ளூரில் தொற்றிய மலேரியா ஒன்றும் பதிவாகவில்லை. 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் மலேரியா இல்லாத நாடு என்று சான்றிதழ் தந்தது. அந்தச் சான்றிதழில் வன்னிச் சைக்கிள்காரரின் வியர்வையும் இருக்கிறது. எடுத்த இரத்தத்துக்குப் பதில் சொல்லுகிற பழக்கம் உங்கள் திணைக்களத்துக்குப் புதிதல்ல.

எங்களுக்கு வரலாறு கேட்கிற இடத்தைப் பற்றியும் ஒரு சொல். "முன்பு ஏதாவது வருத்தம், ஒப்பரேஷன் உண்டா?" என்று கேட்டு, ஆம், இல்லை என்று இரண்டு பெட்டி. 2009 க்கு முந்திய எங்கள் கொப்பிகளெல்லாம் எங்கே என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் கிளினிக் கொப்பியைத் தூக்கவில்லை. செட்டிகுளத்து முகாமில் புதுக் கொப்பி தந்தார்கள். எங்கள் வியாதிகளுக்கெல்லாம் அந்த முகாமில் பிறந்த தேதி. இருபது வருடத்துப் பிரஷர்காரர் ஏட்டில் அன்றைக்குத்தான் நோயாளியானார்.

உடம்பிலும் ஒரு பதிவு இருக்கிறது. சங்கத்தில் குறைந்தது ஆறு பேருக்குப் போரில் பாய்ந்த செல் துண்டு உள்ளே. ஒருவருக்குத் தோள்மூட்டில், ஒருவருக்கு முதுகந்தண்டுக்குப் பக்கத்தில். மழைக்காலத்தில் அவரே வானிலை அறிக்கை சொல்லுவார். "ஒப்பரேஷன் உண்டா" என்று கேட்டால் இல்லை என்பார். உண்மைதான், ஒப்பரேஷன் நடக்கவில்லை, துண்டு அப்படியே இருக்கிறது. நாளைக்கு எம்ஆர்ஐ எடுக்க அனுப்பினால் அந்தக் காந்தத்துக்குள் இரும்பு அசையலாம். "உடம்பில் உலோகத் துண்டு உண்டா, எங்கே" என்று மூன்றாவது பெட்டி ஒன்றை வன்னிக்கான படிவத்தில் போடுங்கள். கொழும்பில் அச்சடிக்கிறவருக்கு இது தோன்றாது. உங்களுக்குத் தோன்ற வேண்டும்.

"நித்திரை வருகிறதா?" என்றும் கேட்கிறீர்கள். நல்ல கேள்வி. 2017 பெப்ரவரியிலிருந்து கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படத்தோடு தெருவோரம் இருந்த தாய்மாரில் ஒருவர் எங்கள் சங்கத்தில் இருக்கிறார். அவரிடமும் இதே கேள்வி கேட்கப்பட்டது. பதில் சொல்ல வாயெடுக்கும் முன்பே அடுத்த நம்பரைக் கூப்பிட்டுவிட்டார்கள். அவர் என்னிடம் சொன்னது: "கேட்காமலே விட்டிருக்கலாம்."

வாயைத் திறக்கச் சொல்வதும் இல்லை. வெற்றிலை, பாக்கு, புகையிலை இல்லாமல் எங்கள் ஆட்களுக்குப் பொழுது விடியாது. பாக்குத் தனியாகவே புற்றுநோயைத் தரும் பொருள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004 இலேயே வகைப்படுத்திவிட்டது. இலங்கை ஆண்களை அதிகம் பிடிப்பது வாய்ப் புற்றுநோய். பார்க்கத் தேவை ஒரு டோர்ச், அரை நிமிடம். சிவந்த வாயைக் காட்ட எங்கள் கிழவர்கள் வெட்கப்படுவார்கள், அதட்டித் திறக்க வையுங்கள்.

உங்கள் பக்க நியாயமும் எனக்குத் தெரியும். 2022 நெருக்கடிக்குப் பிறகு எத்தனையோ வைத்தியர்கள் நாட்டை விட்டுப் போனார்கள். மருந்தே இல்லாத மாதங்களைப் பார்த்தோம். 35 வயதைக் கடந்த யாரும் இலவசமாகப் பரிசோதித்துக்கொள்ள 2011 இலிருந்து நாடு முழுக்கத் திறந்த ஆரோக்கிய வாழ்வு நிலையங்களுக்கு ஆண்கள் எட்டிப் பார்ப்பதில்லை என்று நீங்கள் சலித்துக்கொள்வதும் நியாயம். எங்கள் ஆண்களுக்கு வெள்ளைத் துணியைக் கண்டால் வேறு வேலை ஞாபகம் வந்துவிடும். ஆனால் அதிகாலை ஐந்தரைக்கு மாட்டை அவிழ்ப்பவனை எட்டு மணிக்கு வரிசையில் நிற்கச் சொல்வதையும் கொஞ்சம் யோசியுங்கள். மாதத்தில் ஒரு மாலை நேரம் வைத்துப் பாருங்கள்.

இன்னொரு வாதத்தை ஒரு வைத்தியரே என்னிடம் சொன்னார். பொதுவான உடற்பரிசோதனைகளால் ஆயுள் கூடுவதில்லை என்று ஆய்வுகள் சொல்கின்றனவே என்றார். தேடி வாசித்தேன். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கொக்ரேன் அமைப்பு 2019 இல் புதுப்பித்த தொகுப்பாய்வு, 17 பரிசோதனை ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. அவர் சொன்னது சரி, இறப்பு குறையவில்லை. ஆனால் முதியவர்களுக்கென்றே செய்த ஆய்வுகளை அந்தத் தொகுப்பில் சேர்க்கவில்லை என்பதும் அதிலேயே இருக்கிறது. எங்களை எண்ணாமல் விட்ட கணக்கை வைத்து எங்களுக்கு விடை சொல்ல முடியாது. அதோடு, ஆயுளை நீட்டச் சொல்லி நாங்கள் மனுப் போடவும் இல்லை. இருக்கிற நாளில் விழாமல் நடக்கவும், பேரப்பிள்ளை கூப்பிடுவது காதில் விழவும், ஊசியில் நூல் கோக்கவும் முடிந்தால் போதும். கண், காது, நடை, இந்த மூன்றையும்தான் நீங்கள் நேரம் இல்லையென்று முதலில் விடுகிறீர்கள்.

வெளிநாட்டுப் பிள்ளைகள் பணம் அனுப்பித் தனியார் ஆய்வுகூடத்தில் "முழு உடற்பரிசோதனை" செய்விப்பதையும் பார்க்கிறேன். நாற்பது வகை எண், எட்டுப் பக்கம், பளபளப்பான உறை. ஆறு இடத்தில் நட்சத்திரக் குறி. அதையும் தூக்கிக்கொண்டு என் விறாந்தைக்குத்தான் வருகிறார்கள். காசு கொடுத்தவருக்கும் சொல்ல ஆளில்லை, இலவசமாகப் போனவருக்கும் சொல்ல ஆளில்லை. இதில் மட்டும் சமத்துவம்.

2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின்படி 60 வயதில் எங்களுக்கு உரிமை தொடங்குகிறது. அடையாள அட்டையும் தருகிறார்கள். ஒக்டோபர் 1 ஆம் தேதி முதியோர் தினத்தில் பொன்னாடை, பேச்சு, மதியச் சோறு, ஒரு மருத்துவ முகாம். பொன்னாடை என்னிடம் ஐந்து இருக்கிறது. பொன்னாடைக்குப் பதிலாக அந்த அட்டையை அச்சடிக்கலாம். ஓர் ஆளுக்கு ஒரு தாள்தான்.

நாங்கள் கையைக் கட்டிக்கொண்டு இருக்கப் போவதில்லை. சங்கத்தில் நாற்பத்தொரு பேருக்கும் சதுரக்கோட்டுக் கொப்பி வாங்கிவிட்டோம். பழைய துண்டுகளைத் தேடி எடுத்து, அலகு மாற்றி, புள்ளி வைத்துத் தந்திருக்கிறேன். பத்தாம் வகுப்புப் படிக்கிற இரண்டு பிள்ளைகள் போயா விடுமுறைகளில் வந்து உதவுகிறார்கள். ஆச்சியின் டொபிச் சீனியை மட்டும் சிவப்பு மையில் வட்டம் போட்டு வைத்திருக்கிறோம். என் கூட்டாளியின் கோட்டையும் வரைந்தேன். இப்போது கிழமைக்கு இரண்டு நாள் இரத்தம் சுத்திகரிக்கப் போகிறார். 2023 ஆம் ஆண்டுப் புள்ளியில் விரலை வைத்து, "இதில் நீ என்னைக் கூப்பிட்டிருக்கலாமே" என்றார். என்னைத்தான் கேட்டார். நான் அப்போது செயலாளராக இருந்தேன். என் சங்கம் அவருடைய ஊர்வரை எட்டாது என்று சொல்லலாம். சொல்லவில்லை.

வருகிற மாதம் இரண்டாம் செவ்வாய்க்கிழமை எங்களுக்கு மறுபடி பரிசோதனை என்று கிராம அலுவலர் அறிவித்திருக்கிறார். இந்தமுறை பதினொரு பேர் வருகிறோம். சலரோகக்காரர் நால்வர், அவர்களின் பெயரைத் தனியாக எழுதிக் கொண்டுவருவேன். எல்லோர் கையிலும் சதுரக்கோட்டுக் கொப்பி இருக்கும். இந்த வருடத்துப் புள்ளிக்கு இடம் விட்டிருக்கிறோம். அலகையும் சேர்த்து எழுதுங்கள்.

இப்படிக்கு,
இளைப்பாறிய கணித ஆசிரியர் ஒருவர்,
செயலாளர், கிராம முதியோர் சங்கம்,
வன்னி.